மிட்டாயும் பலூனும்

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த சிட்னி பிரெஸ்ஸி 1920களில் ஒரு சிறிய தேர்வு இயந்திரம் செய்தார். சின்னச் சாளரத்தில் கேள்வி தெரியும். நான்கு விசைகளில் ஒன்றை மாணவர் அழுத்த வேண்டும். அதோடு ஒரு துணைக்கருவியையும் அவர் பொருத்தியிருந்தார். குறிப்பிட்ட எண்ணிக்கையில் சரியான விடைகள் சேர்ந்ததும் அது ஒரு மிட்டாயைத் தள்ளிவிடும். இன்று சிறுவர்களின் பயிற்சிக்கென்று இணையத்தில் கிடைக்கும் கணக்கு, எழுத்து விளையாட்டுகளில் பெரும்பாலானவை அந்த மிட்டாய்ப் பெட்டியின் வாரிசுகள்தான். மிட்டாய்க்குப் பதில் நாணயம், நட்சத்திரம், குதிக்கும் கரடி என்று வேடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. இதற்கு மாற்றான ஒரு வழியும் அரை நூற்றாண்டுக்கு முன்பே வகுப்பறைகளில் இருந்தது. அது தோற்று மறையவில்லை, செலவும் உழைப்பும் கருதி ஓரங்கட்டப்பட்டது என்றே நினைக்கிறேன்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960இல் டொனால்ட் பிட்சர் தொடங்கிய பிளேட்டோ அமைப்பில் அந்த வழி பிறந்தது. 1970களில் அதன் மையக் கணினியோடு தொலைவிலுள்ள நூற்றுக்கணக்கான முனையங்கள் இணைந்திருந்தன. இணையவழிக் கல்வி என்று நாம் இப்போது சொல்வதற்கு அதுவே முன்னோடி. அதில் ஷாரன் டக்டேலும் டேவிட் கிப்பியும் பின்னங்களுக்காக ‘டார்ட்ஸ்’ என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். திரையில் ஓர் எண்கோடு, அதன்மேல் சில பலூன்கள். பலூன் எங்கே இருக்கிறது என்று கணித்துக் குழந்தை ஒரு பின்னத்தைத் தட்டச்சு செய்தால், அம்பு அந்த இடத்துக்குப் பாயும். கணிப்பு சரியென்றால் பலூன் வெடிக்கும். தவறென்றால் அம்பு தவறிய இடத்திலேயே குத்தி நிற்கும். இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது. ‘தவறு’ என்று சிவப்பில் எழுதிக்காட்டும் திரை குழந்தைக்கு எதையும் கற்பிப்பதில்லை. குத்தி நிற்கும் அம்போ, தன் விடை பெரிதா சிறிதா, எவ்வளவு விலகியது என்று காட்டிவிடுகிறது. 1980இல் இந்த விளையாட்டின் கூறுகளை ஒவ்வொன்றாக நீக்கிச் சோதித்த தாமஸ் மலோன், கற்க வேண்டிய திறனோடு பின்னிய கற்பனை வேறு, மேலே ஒட்டவைத்த கற்பனை வேறு என்று பிரித்துக் காட்டினார்.

விளையாட்டே எதற்கு, வெறும் பயிற்சி போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஸ்டான்ஃபோர்டின் பாட்ரிக் சப்பிஸ் 1960களில் பள்ளிகளில் டெலிடைப் பொறிகளை வைத்துத் தொலைபேசிக் கம்பிவழி தினமும் சில நிமிடங்கள் கணக்குப் பயிற்சி தந்தார். முந்தைய நாள் விடைகளைப் பார்த்துக் கணினி கடினத்தைக் கூட்டும், குறைக்கும். மிசிசிப்பி மாநிலத்து மெக்கோம்ப் ஊரில் அந்தப் பயிற்சி பெற்ற பிள்ளைகள் கணக்கிடும் திறனில் மற்றவர்களை முந்தினார்கள். ஆனால் சப்பிஸின் பொறியில் படம் இல்லை, பாட்டு இல்லை, பரிசும் இல்லை. வாய்ப்பாட்டுப் பயிற்சிக்கு மிட்டாயே தேவையில்லை என்பதைத்தான் அவர் நிறுவினார். பலூனுக்கு எதிராக அதில் ஒன்றும் இல்லை.

இதைவிட வலுவான மறுப்பு பிளேட்டோவுக்குள்ளிருந்தே வந்தது. போனி ஆண்டர்சன் சைலர் ஆக்கிய ‘ஹௌ தி வெஸ்ட் வாஸ் வன்’ விளையாட்டில் சுழலி மூன்று எண்களைத் தரும். கூட்டியோ பெருக்கியோ அடைப்புக்குறி போட்டோ ஒரு கோவை அமைத்து, அதன் மதிப்பளவு முன்னேற வேண்டும். குறுக்குவழியில் நுழைய, எதிராளியைப் பின்னுக்குத் தள்ள, பெரிய விடையைவிடப் பொருத்தமான விடையே உதவும். அப்படியிருந்தும் பிள்ளைகள் ஒரே வகைக் கோவையைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் போட்டதை ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் கண்டார்கள். திறன் பின்னிய விளையாட்டும் தானாகவே கற்பித்துவிடாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவர்கள் விளையாட்டைக் கைவிடவில்லை; ஓரமாக நின்று பார்க்கும் ஒரு கணினி வழிகாட்டியைச் சேர்த்தார்கள். அடுத்தடுத்த இரண்டு நகர்வுகளில் அது வாய் திறக்கக்கூடாது; குழந்தை தானே கண்டுபிடிக்க வாய்ப்பளிக்கும் முன்பும் பேசக்கூடாது. நம்மில் பல ஆசிரியர்களுக்கே இல்லாத பொறுமை.

பிறகு ஏன் மிட்டாய் வென்றது? வீட்டுக்கணினி வந்ததும் விளையாட்டு கடைச்சரக்கானது. பின்னத்துக்கென்று யோசித்த விளையாட்டை எழுத்துப் பாடத்துக்கு மாற்ற முடியாது. மிட்டாய்ப் பெட்டிக்கு எந்தக் கேள்வித்தாளும் பொருந்தும். மினசோட்டாவின் மெக் நிறுவனம் 1985இல் ‘வேர்ட் மன்ச்சர்ஸ்’ என்று உயிரொலிகளுக்கு வெளியிட்ட அதே வார்ப்பில், 1986இல் ‘நம்பர் மன்ச்சர்ஸ்’ என்று பகா எண்களுக்கும் மடங்குகளுக்கும் போட்டது. பிள்ளைகள் இரண்டையும் விரும்பினார்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் விருப்பத்தையே அளவுகோலாக வைத்தாலும் மிட்டாய் வெல்லும் என்பதற்கு உறுதியில்லை. இங்கிலாந்தில் ஜேக்கப் ஹப்குட், ஷாரன் ஐன்ஸ்வர்த் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் ஒரே வகுத்தல் விளையாட்டுக்கு இரு வடிவங்கள். ஒன்றில் எலும்புக்கூட்டின் மார்பிலுள்ள எண்ணை வகுக்கும் ஆயுதத்தைத் தேர்ந்தால்தான் அது வீழும். மற்றதில் சண்டை தனி, கணக்குக் கேள்விகள் இடையிடையே தனி. முதல் வடிவத்தில் ஆடியவர்கள் கூடுதலாகக் கற்றார்கள். விரும்பியதை ஆடலாம் என்று விட்டபோது, பிள்ளைகள் அந்த வடிவத்தில் ஏறத்தாழ 7 மடங்கு நேரம் செலவிட்டார்கள்.