59 நாட்கள்

2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி வெள்ளிக்கிழமை, இங்கிலாந்தின் வைத்தியசாலைகள் பலவற்றிலே கணினித் திரைகள் சிவந்தன. கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன என்றும், 300 டொலர் பெறுமதியான பிட்கொயின் செலுத்தினாலன்றி அவை திறவா என்றும் அத்திரைகளில் எழுதியிருந்தது. ‘வன்னாக்ரை’ என்னும் கணினிப் புழுவின் வேலை அது. 595 குடும்ப வைத்திய நிலையங்களிலும் அது புகுந்தது.

இதில் நம் மனத்தை உறுத்துவது யாதெனில், மருந்து முன்னரே வந்திருந்தது என்பதே. விண்டோஸ் பணிசெயல் முறைமையிலிருந்த அவ்வோட்டையை அடைக்கும் இற்றைப்படுத்தலை மைக்ரோசொப்ட் நிறுவனம் மார்ச் 14ஆம் திகதியே வெளியிட்டது. இடையிலே 59 நாட்கள். சோம்பலென்று மட்டும் இதனைத் தள்ளிவிட முடியாது. மீள இயக்கினால் வேலை தடைப்படும். பழைய மென்பொருள் இயங்காது போகலாம். அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் அப்புழு பரவுவதற்கு எவரும் எதனையும் அழுத்தவேண்டியதில்லை. வலையமைப்பிலே இற்றைப்படுத்தாத கணினியைத் தானே தேடிச் செல்லும். மூலையில் மறக்கப்பட்ட ஒன்று அகப்பட்டாலும் போதும்; அதிலிருந்து திறக்கத்தக்க பொதுக் கோப்புகளும் பூட்டுண்ணும்.

இப்பாடம் புதிதன்று. 2003இல் ‘பிளாஸ்டர்’ என்னும் புழு பரவியபோதும், மருந்து வெளிவந்து ஒரு மாதமளவில் ஆகியிருந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் முதல் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாயன்று இற்றைப்படுத்தல்களை வெளியிடும் முறையை அந்நிறுவனம் கைக்கொண்டது. 2005இல் அது வெளியிட்ட வேறொரு மென்பொருளால், அலுவலகத்துச் சேவையகக் கணினியொன்று இற்றைப்படுத்தல்களைத் தருவித்து ஏனையவற்றுக்கு வழங்குதல் எளிதாயிற்று. முதலில் ஒரு கணினிக்கு மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். பழுதில்லையெனக் கண்டபின் மற்றவற்றுக்கு அனுமதிக்கலாம். பெற்றது எது, பெறாதது எது என்பதையும் அதிலே காணலாம். இப்பட்டியலையே நான் பெரிதெனக் கருதுகின்றேன்.

எங்கள் பாடசாலை அலுவலகத்தில் ஐந்தே கணினிகள். அவற்றுக்குச் சேவையகம் எதற்கு? சுவரிலே ஒரு தாள் தொங்குகின்றது. அமெரிக்காவின் செவ்வாய்க் காலை நமக்கு இரவு. ஆதலின் புதன்கிழமை காலையில், வரவுப் பதிவேட்டின் கணினிக்கு முதலிலும், எஞ்சிய நான்குக்கு வெள்ளியன்றும் எழுதுவினைஞர் அதிலே அடையாளமிடுகின்றார். சென்ற மாதம் நூலகக் கணினிக்கு நேரே இடம் வெறுமையாயிருந்தது. விசாரித்தேன், அதனை எவரும் மூன்று வாரமாக இயக்கவேயில்லை.