யாங்கூனின் முதல் ராப் தொகுப்பும் இணையப் பகிர்வும்: ஒரு மறுவாசிப்பு

மியான்மரின் முதல் ஹிப்-ஹாப் தொகுப்பாகக் கொள்ளப்படும் ‘ஸ தின் ஜின்’ (தொடக்கம்) 2000இல் ஆசிட் குழுவின் பெயரில் வெளிவந்தது. குழுவினர் ஸேயா தோ, யான் யான் சான், அனெக்கா, ஹெய்ன் ஸோ ஆகிய நால்வர். இணையவழிக் கோப்புப் பகிர்வுச் சேவையான நாப்ஸ்டர் 1999 ஜூனில் தொடங்கி 2001 ஜூலையில் முடங்கியது. இந்தக் கால ஒற்றுமையே ஒரு விளக்கத்துக்கு வித்திட்டது: யாங்கூன் இளைஞரிடம் ராப்பைச் சேர்த்ததும், அதைத் தணிக்கையிலிருந்து காத்ததும் இணையவழிக் கோப்புப் பகிர்வே என்பது. இரு கூற்றுகளும் சான்றுக்கு ஒத்துவரவில்லை.

முதற்கூற்றுக்கு நீண்ட மறுப்பு வேண்டியதில்லை. யாங்கூன் இளைஞருக்கு அன்று இணையம் எளிதில் எட்டும் வழியாக இருக்கவில்லை. 1996ஆம் ஆண்டின் கணினிச் சட்டப்படி, வரையறுக்கப்பட்ட வகைக் கணினிகளை முன் அனுமதியின்றி வைத்திருந்தால் 7 முதல் 15 ஆண்டு சிறை. அயல்நாட்டு ராப் வேறெப்படி வந்திருக்கும் என்ற கேள்விக்கு ‘காப்பி தச்சின்’ போதிய விடை. வெளிநாட்டு மெட்டுக்குப் பர்மியச் சொல் கட்டிப் பாடும் அந்த வழக்கம் இணையத்துக்குப் பல ஆண்டுகள் மூத்தது.

சிக்கலானது இரண்டாம் கூற்று. இத்தொகுப்பை ராணுவ ஆட்சிக்கு எதிரான மறைமுகத் தாக்குதலாகவும், ஆகவே தலைமறைவுப் படைப்பாகவும் படிப்பது வழக்கமாகியிருக்கிறது. ஆனால் அது வெளிப்படையாக விற்பனையாகி, தரவரிசையில் இரண்டு மாதங்களுக்கு மேல் முதலிடத்தில் இருந்தது. வெளியீட்டுக்கு முன்பே பாடல் வரிகளைத் தணிக்கையிடம் ஒப்படைக்க வேண்டிய காலம் அது. எனவே அது தணிக்கையைச் சுற்றிச் செல்லவில்லை, அதன் ஊடாகவே வந்தது எனக் கொள்வதே பொருத்தம். ஸேயா தோ 2008இல் கைதானதும், 2012இல் நாடாளுமன்றம் சென்றதும், 2022இல் தூக்கிலிடப்பட்டதும் பின்னர் நடந்தவை. அந்த வாழ்வின் மீதுள்ள நியாயமான மரியாதை 2000ஆம் ஆண்டின் ஒலிப்பதிவுக்குள் பின்னோக்கி ஏற்றப்படுகிறது. பாடல்களில் அரசியலே இல்லை என்று இங்கே வாதிடவில்லை. அன்றாட வாழ்வின் இடர்களைத் தெருப்பேச்சின் வேகத்தில், அரசின் அனுமதியோடு கடைத்தெருவில் ஒலிக்கச் செய்ததே அதன் உண்மையான துணிச்சல். தலைமறைவுக் கதை அந்தச் சாதனையைச் சிறிதாக்கிவிடுகிறது.

பகிர்வு நடக்கவில்லை என்பதன்று. அது கைமாற்றாக நடந்தது. ஒலிநாடாவும், பிறகு எம்பி3 பாடல்கள் நிரம்பிய வட்டும் நகலெடுக்கப்பட்டன. நடைமுறையிலிருந்த பதிப்புரிமைச் சட்டமோ 1914ஆம் ஆண்டினது. புதியது 2019இல்தான் இயற்றப்பட்டது. ஸேயா தோவும் தோழர்களும் 2007 அக்டோபரில் தொடங்கிய ‘ஜெனரேஷன் வேவ்’ என்ற ஆட்சி எதிர்ப்பு இளைஞர் இயக்கமும் இதே முறையில், தடைசெய்யப்பட்ட ‘ராம்போ’ படத்தைச் சுற்றுக்கு விட்டது. 2007 செப்டம்பரில் அரசு இணையத்தையே துண்டித்திருந்த நாட்டில் கைமாற்றே நம்பத்தக்க வழி. 2014இல் ஊரிடூ, டெலினார் என்ற அயல்நாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் வந்து, சிம் அட்டை 1500 சாட்டுக்குக் கிடைத்த பிறகே இணையம் பெருந்திரளை எட்டியது. அதன் பின்னும் ‘ஜாப்யா’ செயலி, இணைய இணைப்பே இல்லாமல் ஒரு கைப்பேசியிலிருந்து மறு கைப்பேசிக்குப் பாடல்களைக் கடத்திவந்தது.