2025க்குள் எல்லோருக்கும்: ஓர் உலக வாக்குறுதியின் கணக்கு



இன்றைய கருத்தரங்கிற்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு சிலருக்குக் கொஞ்சம் கூச்சம் தரலாம். குடிநீரும் கழிவறையும் என்பதுதான் அது. குடிநீரைப் பற்றிப் பேச யாருக்கும் தயக்கம் இல்லை. கழிவறை என்று வந்தால்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். நம் பெரியவர்கள் 'வெளிக்குப் போவது', 'கொல்லைக்குப் போவது' என்று சொன்னதை நினைத்துப் பாருங்கள். கூச்சத்தை மறைக்க வந்த சொற்கள் அவை. ஆனால் வீட்டுக்குள் அன்று அதற்கு இடம் இருக்கவில்லை என்ற வரலாற்றையும் அதே சொற்கள் சொல்லிவிடுகின்றன.

சிங்கப்பூரில் வாளியில் சேரும் மலத்தை ஆள் வைத்து எடுத்துச் செல்லும் முறை 1987ஆம் ஆண்டு ஜனவரியில்தான் முற்றாக முடிவுக்கு வந்தது. அது அப்படி ஒன்றும் பழைய கதை அல்ல. நேயர்களில் பலருக்கு அந்த வாளியும் அதை ஏற்றிச் சென்ற லாரியும் இன்னும் நினைவில் இருக்கும்.

ஒரு சிறிய நாடு தன் எல்லைக்குள் இதைச் செய்து முடித்தது. உலகம் முழுவதற்கும் இதைச் செய்ய முடியுமா? முடியும் என்று 2000ஆம் ஆண்டில் ஓர் உலகக் கூட்டமைப்பு சொன்னது. 2025ஆம் ஆண்டுக்குள் பூமியில் உள்ள ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பான தண்ணீர், கழிவறை, சுகாதாரப் பழக்கம் மூன்றும் கிடைத்திருக்க வேண்டும் என்று நாள் குறித்தது. அந்த 2025 வந்தது. வாக்குறுதி என்ன ஆனது என்று கணக்குப் பார்ப்பதுதான் இன்றைய பேச்சின் நோக்கம்.

முதல் பத்தாண்டு, முதல் பாடம்

கதை 1977இல் தொடங்குகிறது. அர்ஜெண்டினாவின் மார் டெல் பிளாட்டா நகரில் ஐக்கிய நாட்டு நிறுவனம் நடத்திய நீர் மாநாட்டில் உலக நாடுகள் ஒன்றுகூடின. அதன் விளைவாக 1981 முதல் 1990 வரையிலான காலம் அனைத்துலகக் குடிநீர், துப்புரவுப் பத்தாண்டு என அறிவிக்கப்பட்டது. 1990க்குள் எல்லோருக்கும் நல்ல தண்ணீர் என்பது அன்றைய இலக்கு.

பணி நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கிராமம் கிராமமாக ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. அவற்றில் பொருத்தப்பட்ட அடிபம்புகளில் பெரும் புகழ் பெற்றது 'இந்தியா மார்க் 2'. யுனிசெஃப் உதவியுடன் உருவான இந்த பம்பு கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதித்துப் பார்க்கப்பட்டு, 1970களின் பிற்பகுதியில் சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் க்ருடாஸ் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டது. பின்னர் ஆப்பிரிக்கா வரை அது பயணம் செய்தது. தமிழக கிராமங்களுக்குப் போய் வந்த நேயர்கள் தெருமுனையில் அதைப் பார்த்திருப்பார்கள்.

அந்தப் பத்தாண்டில் நூறு கோடிக்கும் அதிகமானோர் புதிதாக நல்ல தண்ணீர் பெற்றார்கள். ஆனாலும் இலக்கு எட்டப்படவில்லை. மக்கள்தொகை வளர்ச்சி பாதி பலனை விழுங்கிவிட்டது. பம்பு பழுதானபோது அதைச் சரிசெய்ய ஊரில் ஆளும் இல்லை, உதிரிப் பாகமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் முன்னே போனது, கழிவறை பின்தங்கி நின்றது.

1990 செப்டம்பரில் புதுடில்லியில் கூடிய உலகக் கலந்துரையாடலில் இந்த அனுபவம் அலசப்பட்டது. சிலருக்கு நிறைய என்பதைவிட எல்லோருக்கும் கொஞ்சமாவது என்பதே நீதி என்ற முடிவுக்கு அங்கே வந்தார்கள். எடுத்த காரியம் பாதியில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக அதே ஆண்டு ஐநா பொதுச்சபையின் தீர்மானத்தின்வழி பிறந்ததுதான் நீர் வழங்கல், துப்புரவுக் கூட்டுழைப்பு மன்றம். இன்று நாம் மதிப்பிட இருப்பது இந்த மன்றத்தைத்தான்.

நாள் குறித்த திட்டம்

ஜெனீவாவிலிருந்து இயங்கிய இந்த மன்றம் ஒரு வித்தியாசமான அமைப்பு. அரசாங்க அதிகாரிகள், ஐநா அமைப்புகள், தொண்டூழியர்கள், பொறியாளர்கள், ஆய்வாளர்கள் என்று எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். ஆனால் யாருக்கும் உத்தரவு போடும் அதிகாரம் அதற்கு இல்லை. தொடக்கத்தில் கையில் பெரிய நிதியும் இல்லை. பேசிப் பேசியே காரியம் சாதிக்க வேண்டிய நிலை.

சர் ரிச்சர்ட் ஜாலி தலைவராக இருந்த காலத்தில், 2000 மார்ச் மாதம் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் நடந்த இரண்டாவது உலக நீர் மாநாட்டில், 'விஷன் 21' என்ற நீண்டகாலத் திட்டத்தை மன்றம் முன்வைத்தது. 2015க்குள் வசதி இல்லாதவர்களின் விகிதத்தைப் பாதியாகக் குறைப்பது, 2025க்குள் எல்லோருக்கும் என்பது அதன் கால அட்டவணை.

காலக்கெடுவைவிட முக்கியமானவை அதில் இருந்த கருத்துகள். தண்ணீரும் துப்புரவும் அடிப்படை மனித உரிமை என்றது அத்திட்டம். மேலிருந்து குழாய் பதித்துக்கொண்டு வருவதற்குப் பதிலாக, குடும்பத்திலும் ஊரிலும் தொடங்க வேண்டும் என்றது. தண்ணீர் சுமப்பவர்கள் பெண்கள் என்பதால் முடிவெடுக்கும் இடத்திலும் அவர்கள் இருக்க வேண்டும் என்றது.

பொதுவாகவே உலக அமைப்புகளின் திட்டங்களை நாம் ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்கிவிடுவோம். இந்தத் திட்டத்தையும் அப்படி ஒதுக்கிவிட முடியுமா? மூன்று கேள்விகளை வைத்துப் பார்ப்போம்.

முதல் கேள்வி: உலகின் கவனத்தைத் திருப்பியதா?

2000 செப்டம்பரில் ஐநா தலைவர்கள் வெளியிட்ட புத்தாயிரமாண்டுப் பிரகடனத்தில் குடிநீருக்கு இலக்கு இருந்தது. கழிவறையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. உலகத் தலைவர்களுக்கும் அதே கூச்சம் போலும்!

மன்றம் விடவில்லை. 2001 டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் தண்ணீர், துப்புரவு, சுகாதாரம் மூன்றையும் இணைத்து 'வாஷ்' என்ற பெயரில் உலகளாவிய இயக்கத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, 2002இல், தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் நடந்த உச்சநிலை மாநாட்டில் துப்புரவுக்கும் இலக்கு நிர்ணயிக்கப்பட்டது. மன்றம் ஒன்றே இதைச் சாதித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் விடாப்பிடியான குரலுக்கு இதில் பங்கு உண்டு.

2008ஆம் ஆண்டை ஐநா அனைத்துலகத் துப்புரவு ஆண்டாக அறிவித்தது. 2010 ஜூலை 28ஆம் தேதி ஐநா பொதுச்சபை தண்ணீரும் துப்புரவும் மனித உரிமை என்று ஏற்றது. ஆதரவாக 122 நாடுகள் வாக்களித்தன. 41 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. எதிர்த்து ஒரு நாடும் வாக்களிக்கவில்லை. விஷன் 21 சொன்ன கருத்து பத்தே ஆண்டுகளில் உலகத் தீர்மானமாயிற்று.

இந்த வரலாற்றில் சிங்கப்பூருக்கும் ஓர் இடம் உண்டு. ஜாக் சிம் 2001 நவம்பர் 19ஆம் தேதி உலகக் கழிவறை அமைப்பை இங்குதான் தொடங்கினார். 2013இல் சிங்கப்பூர் கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்று, அதே நவம்பர் 19ஐ உலகக் கழிவறை தினமாக ஐநா அறிவித்தது. அந்தச் செய்தியை வாசிக்கும்போது படப்பிடிப்புக் கூடத்தில் ஒரு சிரிப்பு எழுவது உண்டு. நானும் சிரித்தவள்தான். தூய்மையற்ற நீராலும் துப்புரவுக் குறையாலும் வரும் நோய்களுக்கு நாளொன்றுக்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஏறக்குறைய 1,000 பேர் இறக்கிறார்கள் என்பதைப் படித்த பிறகு அந்தச் சிரிப்பு வரவில்லை.

ஆக, முதல் கேள்விக்கு மன்றம் நல்ல மதிப்பெண்ணே பெறுகிறது.

இரண்டாவது கேள்வி: எண்ணியது சரியா?

குடிநீருக்கான புத்தாயிரமாண்டு இலக்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே, 2010இல் எட்டப்பட்டதாக 2012இல் அறிவிக்கப்பட்டது. துப்புரவு இலக்கு 2015இல் தவறிப்போனது. 77 விழுக்காட்டை எட்டியிருக்க வேண்டும். 68 விழுக்காட்டில் நின்றது. சுமார் 70 கோடிப் பேர் விடுபட்டார்கள்.

எட்டிய இலக்கிலும் ஒரு கேள்வி இருக்கிறது. 'மேம்பட்ட' நீராதாரம் என்று எதை எண்ணினார்கள்? குழாயா, மூடிய கிணறா என்று அமைப்பைப் பார்த்தார்கள். அதில் வரும் தண்ணீர் எப்படி என்று சோதித்துவிட்டு எண்ணவில்லை.

இதன் ஆபத்தைப் பங்ளாதேஷ் முன்பே காட்டியிருந்தது. குளத்துத் தண்ணீரால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்க, 1970களிலிருந்து அங்கே லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. நல்ல எண்ணத்தோடு செய்த வேலைதான். ஆனால் நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஆர்செனிக் நச்சு கலந்திருந்தது 1993இல் கண்டறியப்பட்டது. 3.5 கோடி முதல் 7.7 கோடி வரையிலான மக்கள் அந்த நஞ்சுக்கு ஆளாகும் நிலையில் இருந்ததாக 2000ஆம் ஆண்டில் மதிப்பிடப்பட்டது. பிறகு கிணறு கிணறாகச் சோதித்து, நச்சுள்ள பம்புகளுக்குச் சிவப்பும் நல்லவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். அதுவரை அவை எல்லாமே பட்டியலில் நல்ல தண்ணீர்தான்!

இந்தப் பாடத்தை உலகம் தாமதமாகவேனும் கற்றது. 2015இல் வந்த நீடித்த வளர்ச்சி இலக்குகள் அளவுகோலை மாற்றின. வீட்டிலேயே, வேண்டிய நேரத்தில், மாசின்றிக் கிடைக்கும் தண்ணீரையே முழு மதிப்பெண்ணுக்குரியதாகக் கொண்டார்கள். கழிவு எங்கே போய்ச் சேருகிறது என்பதும் கணக்கில் வந்தது.

மூன்றாவது கேள்வி: நிலைத்ததா?

அதே பங்ளாதேஷில் ராஜ்ஷாஹி மாவட்டத்தைச் சேர்ந்த மொஸ்மோயில் கிராமத்தில் 2000ஆம் ஆண்டுவாக்கில் ஒரு புதுமை நடந்தது. இந்திய வல்லுநர் கமால் கார் அங்கே போனார். கழிவறை கட்டப் பணம் தரவில்லை. ஊர் மக்களைக் கூட்டி, தரையில் ஊரின் வரைபடத்தைப் போடச் சொல்லி, யார் எங்கே ஒதுங்குகிறார்கள் என்று குறிக்கச் செய்தார். அந்த அசுத்தம் ஈயிலும் காலிலும் ஏறித் தங்கள் சோற்றுக்கே திரும்பி வருகிறது என்பதை அவர்களே கண்டுகொண்டார்கள். பிறகு கையில் கிடைத்த மூங்கிலையும் தகரத்தையும் வைத்துத் தாங்களே கழிவறை கட்டினார்கள்.

மன்றம் 2008இல் தொடங்கிய உலகத் துப்புரவு நிதி, இந்த முறையைப் பல நாடுகளுக்குக் கொண்டு சென்றது. நெதர்லாந்து, நார்வே, சுவீடன், சுவிட்சர்லாந்து, பிரிட்டன் போன்ற நாடுகள் தந்த பணத்தில் மடகாஸ்கர், நேப்பாளம், கம்போடியா உள்ளிட்ட 13 நாடுகளில் பணி நடந்தது.

இதற்கும் மறுபக்கம் உண்டு. வெட்கத்தைத் தூண்டுவது சில இடங்களில் ஏழைகளை அவமானப்படுத்துவதாக மாறியது. வேறு சில இடங்களில் மழையில் குழி இடிந்ததும் மக்கள் பழையபடி வெளியே போனார்கள். ஆகவே, கட்டியதோடு விடாமல் திரும்பத் திரும்பச் சென்று பார்க்கும் முறையை மடகாஸ்கர் ஊழியர்கள் வகுத்தார்கள்.

இந்தியாவின் அனுபவமும் இதையே சொல்கிறது. 2014இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தில் ஐந்தாண்டுகளில் 10 கோடிக்கும் அதிகமான கழிவறைகள் கட்டப்பட்டதாக அரசாங்கம் அறிவித்தது. பெரிய சாதனைதான். ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு, 19 விழுக்காட்டுக் குடும்பங்கள் எந்தக் கழிவறையையும் பயன்படுத்தவில்லை என்று காட்டியது. சுவர் எழுப்புவது ஒரு வேலை. தண்ணீரும் பழக்கமும் சேர்ந்தால்தான் அது கழிவறை ஆகும்.

கணக்கின் முடிவு

இப்போது 2025க்கு வருவோம். உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அந்த ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2024இல் 210 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் கிடைக்கவில்லை. 340 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான துப்புரவு வசதி இல்லை. 35 கோடிக்கும் மேற்பட்டோர் இன்னும் திறந்த வெளியையே நாடுகிறார்கள். எல்லோருக்கும் என்ற வாக்குறுதி நிறைவேறவில்லை. இதில் சமாதானம் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் 2000ஆம் ஆண்டில் திறந்த வெளியை நாடியவர்கள் சுமார் 130 கோடிப் பேர். உலக மக்கள்தொகை ஏறக்குறைய 200 கோடி கூடிய காலத்தில் அந்த எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கிறது. இதையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நேர்மையான கணக்கு.

மன்றம் இன்று அந்தப் பெயரில் இல்லை. 2020 இறுதியில் அது துப்புரவு, சுகாதார நிதியம் என்று உருமாறியது. ஊக்குவிக்கும் குரல் மட்டும் போதாது, பணமும் வேண்டும் என்று அதுவே உணர்ந்ததன் அடையாளமாக இதைக் கொள்ளலாம்.

என் மதிப்பீடு இதுதான். விஷன் 21 சொன்ன வழி சரியானது. குறித்த நாள்தான் தவறியது. வழியை வகுத்தவர்களிடம் பணமும் அதிகாரமும் இல்லை, அவை இருந்த அரசாங்கங்கள் கழிவறையைக் கடைசிச் செலவாகவே வைத்தன. இப்போது உலகம் 2030 என்று இன்னொரு நாள் குறித்திருக்கிறது. அந்த நாளில் எத்தனை கழிவறை கட்டினோம் என்று மட்டும் எண்ணினால் மறுபடியும் ஏமாறுவோம். ஓராண்டு கழித்தும் அதன் கதவு திறக்கப்படுகிறதா, இரவில் ஒரு பெண் பயமின்றி அங்கே போய்வர முடிகிறதா, அந்தக் குழியைச் சுத்தம் செய்பவரின் உயிர் பத்திரமாக இருக்கிறதா என்று எண்ண வேண்டும்.

வாளி தூக்கிய காலத்தை மறந்துவிட்ட நகரில் உட்கார்ந்திருக்கும் நாம், அந்தக் கூச்சத்தை விட்டுவிட்டு இதைப் பற்றிப் பேசத் தொடங்குவதே நம்மால் ஆன முதல் உதவி.