தராசைப் பார்த்த தீர்க்கதரிசி

கி.மு. 8ஆம் நூற்றாண்டு. இரண்டாம் எரொபெயாம் ஆண்ட வட இஸ்ரேலில் செல்வம் பெருகியிருந்தது. பெத்தேல் ஆலயத்தில் பலிக்கும் பாட்டுக்கும் குறைவில்லை. தெற்கே தெக்கோவாவிலிருந்து வந்த ஆட்டிடையர் ஆமோஸ், இந்தத் திருவிழாக்களைக் கடவுள் வெறுக்கிறார் என்றார்.

குறை பூசை முறையில் இல்லை. ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறக்கலாம் என்று காத்திருந்த வணிகர்கள் மரக்காலைச் சிறிதாக்கினார்கள். வெள்ளியை நிறுக்கும் கல்லைப் பெரிதாக்கினார்கள். ஒரு ஜோடி செருப்புக்காக ஏழையை விலைபேசினார்கள். தோட்டத்தில் பால் நிறுத்துச் சம்பளம் வாங்கிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மழை தவறியது, வெட்டுக்கிளி, கொள்ளைநோய் எல்லாம் மக்களைத் திருப்பி அழைக்கவே வந்தன என்பது ஆமோசின் வாதம். கடவுள் தேர்ந்த மக்கள் என்பதாலேயே அவர்களிடம் கணக்கு கூடுதலாகக் கேட்கப்படும் என்றும் சொன்னார். ஆலய ஆசாரியர் அமத்சியா அவரை ஊரைவிட்டுப் போகச் சொன்னார். கி.மு. 722 வாக்கில் சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது.

நம்மவர் கதையும் உண்டு. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்கத் தேவாலயம் கால்சட்டை வடிவம் கொண்டது. பீடம் ஒன்று, சாதி பார்த்து உட்காரக் கூடம் இரண்டு. 1910இல் தடுப்புச் சுவர் இடிக்கப்பட்டது. பிள்ளைமாரும் முதலிமாரும் தங்கள் தனியிடத்தைக் கேட்டு வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.