மொண்டிசோரி அம்மையாரின் கோழிக்கூடு



நம்ம ஊரில் சின்னப் பிள்ளைகள் போகும் இடத்துக்குப் பெயர் "மொண்டிசோரி". அது ஒரு மனுஷியின் பெயர் என்பது பெற்றோர் பலருக்குத் தெரியாது. ஆசிரியர்களான எங்களுக்கும் பயிற்சிக் காலத்தில் பரீட்சைக்காகப் பாடமாக்கிய அளவுதான். அவருடைய புத்தகத்தை ஆறுதலாக வாசித்தபோதுதான் அதில் கோழிகள் இருப்பதைக் கண்டோம்.

மரியா மொண்டிசோரி இத்தாலிய வைத்தியர். 1907 இல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைப் பகுதியில் முதலாவது "குழந்தைகள் இல்லம்" திறந்தார். தாய் தகப்பன் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் சுவரிலும் படியிலும் சேட்டை செய்கிறார்கள் என்று கட்டடக்காரர் கவலைப்பட்டதால் கிடைத்த வாய்ப்பு அது. அடுத்த வருடம் மிலான் நகரிலும் ஓர் இல்லம் தொடங்கியது.

அந்த மிலான் இல்லத்தில் ஒரு சோடி வெள்ளைக் கோழிகள் இருந்தன. சீனத்துக் கோபுரம் போல ஒரு சின்னக் கூடு. பின்னேரம் கதவைப் பூட்டுவது பிள்ளைகளின் முறை வேலை. காலையில் ஓடிப்போய்த் திறப்பார்கள், தண்ணீர் வைப்பார்கள், வைக்கோல் கொண்டு வருவார்கள். பூட்டுமுன் ஒன்றும் குறையில்லையா என்று பார்ப்பார்கள். பிள்ளைகளுக்கு மிகப் பிடித்த வேலை இதுதான் என்று அங்கிருந்த ஆசிரியை சொன்னதாக மொண்டிசோரி எழுதுகிறார். வகுப்பில் அமைதியாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே இரண்டு மூன்று பேர் சத்தமில்லாமல் எழும்பிப் போய், பிராணிகளுக்கு ஏதும் தேவையா என்று எட்டிப் பார்த்துவிட்டு வருவார்களாம். யாரும் அனுப்பவில்லை.

இந்த இடத்தில்தான் நாங்கள் வாசிப்பை நிறுத்தி யோசித்தோம். நாங்கள் சொல்லி ஒரு பிள்ளை செய்வது வேறு. கோழி பசித்திருக்கும் என்று தானாகவே நினைத்துச் செய்வது வேறு. இன்றைக்குத் தீன் போடாவிட்டால் நாளைக்கு என்னாகும் என்ற முன்யோசனை, உயிர்களைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம், பொறுமை என்று மொண்டிசோரி இதை விளக்குகிறார். பொறுமைக்கு எங்கள் உதாரணம் அடைக்கோழி. குஞ்சு பொரிக்க 21 நாள். எந்தப் பிள்ளை அழுதாலும் அது 20 ஆகாது.

எங்கள் மூத்தம்மாமாருக்கு இதற்குப் புத்தகம் தேவைப்படவில்லை. மஃரிபுக்கு முன் கோழிகளை எண்ணிக் கூட்டில் அடைப்பது வீட்டுப் பிள்ளையின் வேலை. எண்ணிக்கை பிழைத்தால் வேலியெல்லாம் தேட வேண்டும். ஒன்று, இரண்டு நாங்கள் படித்ததே அப்படித்தான்.

இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் மொண்டிசோரி இந்தியாவில் இருந்தார். 1944 இல் இலங்கையிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நெறி நடத்தினார். பெயர் நம்ம தெருவரைக்கும் வந்து நிலைத்தது. கோழிக்கூடு வரவில்லை. நான்கு வயதில் கொப்பி நிறைய எழுத்து, வருட முடிவில் தொப்பியும் அங்கியும் போட்டுப் படம். (அந்தப் படம் எங்கள் வீட்டிலும் தொங்குகிறது, மறைப்பானேன்.)

போன தவணையில் ஒரு முன்பள்ளியில் இரண்டு கோழி வளர்ப்போம் என்று கதைத்துப் பார்த்தோம். "பிள்ளைய எழுதப் படிக்கத்தான் அனுப்புறோம் டீச்சர், கோழிக்குத் தீன் போடவா?" என்று ஒரு உம்மா கேட்டார். நியாயமான கோபம், காசு கட்டுகிறவர். நாற்றம், கிருமி என்றும் சிலர் சொன்னார்கள். அதுவும் உண்மைதான். தீன் போட்ட கையை சவர்க்காரம் போட்டுக் கழுவ வைக்காமல் இதைத் தொடங்கவே கூடாது.

கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. கூடு செய்யப் பலகை தருவதாக ஒரு வாப்பா பிறகு சொல்லியிருக்கிறார். ஆனால் கூட்டத்தில் உம்மாவின் மடியில் இருந்த ஒரு சின்னவன் கேட்ட கேள்விக்கு இன்னும் எங்களிடம் பதில் இல்லை: "நோன்பு லீவுல கோழிக்கு யாரு தீன் போடுற?" உங்களில் முன்பள்ளிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.