ஆவடியும் சிறுசேரியும்: கணிதப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுத் தயாரிப்பு – ஒரு வரலாற்று ஆய்வு

கணக்கு நன்றாக வரும் பிள்ளையை ஆவடியில் என்ன படிக்கச் சொல்வார்கள்? அரை நூற்றாண்டாகப் பொறியியல் என்பதே விடை. ஊர் உருவான விதத்திலேயே அதற்குக் காரணம் இருக்கிறது. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி சோஷலிச பாணிச் சமுதாயத்தைத் தீர்மானமாக நிறைவேற்றிய இந்த ஊருக்கு 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலையும் ராணுவ உடைத் தொழிற்சாலையும் வந்தன. 1965இல் முதல் விஜயந்தா டாங்க் வெளிவந்தது. எழுபதுகளில் போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம் சேர்ந்துகொண்டது. கிழக்கே போனால் அம்பத்தூர் தொழிற்பேட்டை, பாடி, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை. அப்பா ஃபிட்டராகவோ டர்னராகவோ வேலை பார்த்த குடும்பத்தில் மகனோ மகளோ இன்ஜினியர் ஆவதுதான் அடுத்த படி. அது எட்டாதவர்களுக்கு அப்ரண்டிஸ் தேர்வு இருந்தது. கணிதத்தின் மேலேயே ஆசை வைத்தவர்கள் பட்டாபிராமில் 1969இல் தொடங்கிய இந்துக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்து, பி.எட். முடித்து, ஆசிரியர் ஆனார்கள்.

இதே மாநகரின் தென்கோடியில், பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரியில், சென்னைக் கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. சுருக்கமாகச் சிஎம்ஐ. கணிதத்தைக் கணிதமாகவே படிக்க நாடெங்கும் இருந்து பிள்ளைகள் போட்டியிடும் இடம் அது. அங்கே நுழைய எழுதும் தேர்வு, பொறியியல் தேர்வு போன்றதல்ல. பிளஸ் டூ பொதுத்தேர்வு போன்றதுமல்ல. அத்தகைய தேர்வுக்குத் தயாராகும் மரபு தமிழகத்தில் எப்படி உருவானது, எங்கே அறுந்தது, ஆவடி போன்ற ஒரு தொழிலாளர் நகரத்துக்கு ஏன் எட்டாமல் போனது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. திறமைக் குறைவோ ஆங்கிலக் குறைவோ முதற்காரணம் அல்ல என்பது இதன் வாதம். தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் ஊர் சொல்லிக்கொடுக்கும். நிரூபணத்தைக் கேட்ட தேர்வுகள் ஒவ்வொன்றாக விலகியபோது, நிரூபணம் எழுதக் கற்றுத்தரும் இடங்களும் விலகிவிட்டன.

கும்பகோணத்துக்கு வந்த பயிற்சிப் புத்தகம்

தேர்வுப் பயிற்சி என்றாலே கணிதத்துக்குப் பகை என்று சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது. இராமானுஜனின் கதை அதை அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ள விடவில்லை. 1903இல் அவர் கைக்குக் கிடைத்த ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் என்பவரின் 'சினாப்சிஸ்' ஒரு பயிற்சிப் புத்தகம்தான். கார் லண்டனில் தனிப்பயிற்சி நடத்தியவர். கேம்பிரிட்ஜின் 'டிரைப்பாஸ்' தேர்வு எழுதும் மாணவர்களுக்காக ஆயிரக்கணக்கான முடிவுகளை வரிசை எண் போட்டு அடுக்கியிருந்தார். நிரூபணம் பெரும்பாலும் ஒரு குறிப்பளவே இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. மற்றவர்கள் மனப்பாடம் செய்யத் தொகுக்கப்பட்ட அந்தப் பட்டியலை, விட்டுப்போன காரணங்களைத் தானே கண்டுபிடிக்க வேண்டிய கணக்குகளாகக் கும்பகோணத்துப் பையன் எடுத்துக்கொண்டான்.

அவரைத் தடுத்தது வேறொரு தேர்வு. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் அதை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஃப்.ஏ. என்ற இடைநிலைத் தேர்வில் தேற முடியவில்லை. எல்லாப் பாடத்திலும் தேறியே தீர வேண்டும் என்ற விதி அவரை வெளியே நிறுத்தியது. பட்டமில்லாத அவருக்கு 1913இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்து அந்த விதியைத் தாண்டியதும் அதே சென்னைப் பல்கலைக்கழகம்தான். அதைச் செய்த அதிகாரிகளுக்கு நம் பாடநூல்களில் இன்னும் சற்றுக் கூடுதல் இடம் தரலாம்.

கேம்பிரிட்ஜிலும் அப்போது தேர்வுதான் சண்டைக்குரிய பொருள். தேறியவர்களை முதலாவது, இரண்டாவது என்று வரிசைப்படுத்தும் முறையால் டிரைப்பாஸ் தேர்வு வேகப் பந்தயமாகிவிட்டது. தனிப்பயிற்சியாளர்கள் செழித்தார்கள். எட்வர்ட் ரௌத் என்ற ஒரே பயிற்சியாளர் இருபதுக்கும் மேற்பட்ட முதலிடக்காரர்களை உருவாக்கினார். இந்தப் பயிற்சி ஆராய்ச்சிக் கணிதத்தைக் கெடுக்கிறது என்று கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி போன்றோர் வாதாடினார்கள். 1909 தேர்வோடு அந்தத் தரவரிசை முறை ஒழிந்தது. போட்டி கூடக்கூட விடையின் வேகமே அளவுகோலாகும், காரணம் பின்னுக்குப் போகும் என்ற நிகழ்வு, ஒரு நூற்றாண்டு கழித்து இந்தியாவில் அப்படியே திரும்ப நடந்தது.

நுழைவுத் தேர்வில்லாத இடைக்காலம்

1930களின் இறுதியிலிருந்து சென்னையில் கணிதம் படிக்கப் புகுந்த சிறந்த மாணவர்களைத் தேர்ந்தெடுத்தது ஒரு தேர்வல்ல, ஓர் ஆசிரியர். பிரெஞ்சுக் கணித அறிஞர் எலி கார்த்தானின் மாணவரான அருட்தந்தை சார்லஸ் ரசீன் 1937இல் இந்தியா வந்து, பின்னர் லயோலா கல்லூரியில் பாடம் எடுத்தார். பாரிஸில் அப்போது நடந்துகொண்டிருந்த கணிதத்தை ஆனர்ஸ் மாணவர்களிடம் பேசினார். தேர்வில் கிடைக்கும் மதிப்பெண்ணை அவர் பெரிதாக எண்ணவில்லை. காஞ்சிபுரத்தில் 1932இல் பிறந்த சி. எஸ். சேஷாத்ரி, வட ஆர்க்காட்டு எம். எஸ். நரசிம்மன், பின்னால் சி. பி. இராமானுஜம் ஆகியோர் அவரிடம் படித்து, அவர் காட்டிய வழியில் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார்கள்.

இந்த வழி சிறந்தது, ஆனால் குறுகலானது. ரசீனின் கண்ணில் பட வேண்டுமென்றால் முதலில் லயோலாவில் சேர்ந்திருக்க வேண்டும். தேர்வு என்ற அமைப்பு எவ்வளவு குறையுடையதாக இருந்தாலும், ஆசிரியரைத் தெரியாத பிள்ளைக்கும் அது ஒரு வாசல். சேஷாத்ரியே பின்னால் ஒரு கல்வி நிறுவனத்தைத் தொடங்கியபோது மாணவர்களைப் பரிந்துரையால் எடுக்காமல் தேர்வு வைத்து எடுத்ததை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

ஐஐடியும் தபால் பயிற்சியும்

1959இல் சென்னை ஐஐடி தொடங்கியது. அறுபதுகளின் தொடக்கத்திலேயே ஐஐடிகளுக்குப் பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்று, 1960இல் பி.ஸ்டாட். படிப்பைத் தொடங்கியது. இரண்டு தேர்வுகளும் பள்ளிக் கணக்கைத்தான் கேட்டன, ஆனால் பள்ளி கேட்காத விதத்தில் கேட்டன. ஐஐடி தேர்வுக்குத் தியாகராய நகரிலிருந்து பிரில்லியண்ட் டுடோரியல்ஸ் தபால் வழியாக அனுப்பிய பாடக் கட்டுகள் நாடு முழுவதும் போயின. பயிற்சி மையத்துக்கு நேரில் போக முடியாத இடத்திலிருந்த பிள்ளைக்கு வாரக் கடைசியில் தனியாக உட்கார்ந்து போட ஒரு கட்டுக் கணக்கு கிடைத்தது. அந்தக் காலத்து ஐஐடி கணிதத் தாளில் வழிமுறையை எழுதிக் காட்ட வேண்டும். பாதி வழி வந்தவருக்கும் மதிப்பெண் உண்டு. ஆகவே பொறியியலுக்குத் தயாரானவர்கள் தம்மை அறியாமலே நிரூபணம் எழுதவும் பழகினார்கள்.

2000இலிருந்து அந்தத் தேர்வு இரண்டு கட்டமானது. முதற்கட்டம் கொள்குறி வினா. 2006இல் முழுத் தேர்வுமே கொள்குறி வகைக்கு மாறியது. இலட்சக்கணக்கான தாள்களைத் திருத்தியாக வேண்டிய நிலையில் அது தவிர்க்க முடியாத முடிவாகவே இருக்கலாம். விளைவு என்னவென்றால், பயிற்சி நிறுவனங்களில் காரணம் எழுதும் பழக்கத்துக்கு வேலை இல்லாமல் போனது. நான்கு விடைகளைச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்து மூன்றைக் கழிப்பதும் ஒரு திறமைதான். கணிதப் படிப்புக்கு வேண்டிய திறமை அதுவல்ல.

பதினொன்றாம் வகுப்பு எங்கே போயிற்று?

மாநிலத்தின் கதை வேறு தடத்தில் ஓடியது. பி.யூ.சி. போய்ப் பிளஸ் டூ வந்த சில ஆண்டுகளில், 1984இல், தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத் தேர்வு அறிமுகமானது. பொதுத்தேர்வுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என 300க்குக் 'கட்-ஆஃப்' கணக்கிட்ட தலைமுறை அந்த எண்ணை இன்னும் மறந்திருக்காது. நகரத்துப் பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்ட முடிந்தவர்களுக்கே அது சாதகம் என்ற எதிர்ப்பு வலுத்தது. எம். ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையை ஏற்று இயற்றப்பட்ட 2006ஆம் ஆண்டுச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லாமலே பொறியியல் சேர்க்கை நடக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு அந்த முடிவு நன்மையே செய்தது என்பதில் ஐயமில்லை.

கணிதத்துக்கு விழுந்த அடி அங்கிருந்து நேரடியாக வந்ததல்ல. பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே எல்லாம் என்றானதும், பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கும் வழக்கம் தனியார் பள்ளிகளில் பரவியது. இரண்டு ஆண்டும் ஒரே புத்தகம், ஒரே கேள்விகள், இலக்கு 'சென்டம்'. விடுபட்ட பதினொன்றாம் வகுப்பில் இருந்தவை எவை என்று பார்த்தால் இழப்பு புரியும்: வரிசை மாற்றமும் சேர்வும், கணிதத் தொகுத்தறிதல், ஈருறுப்புத் தேற்றம், முக்கோணவியலின் பெரும்பகுதி. சிஎம்ஐ தேர்வும் இந்தியப் புள்ளியியல் நிறுவனத் தேர்வும் நிற்பது பெரும்பாலும் இவற்றின் மேல்தான். அடித்தளத்தை எடுத்துவிட்டு மேல்மாடிக்கு 200க்கு 200 போட்டோம்.

2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. அடுத்த ஆண்டு புதிய பாடநூல்கள் வந்தன. சேர்ப்பியலும் தொகுத்தறிதலும் அவற்றில் தனி அத்தியாயமாகவே இடம்பெற்றன. அண்மைக் காலத்தில் மாநிலப் பாடநூலில் நடந்த சிறந்த மாற்றங்களில் ஒன்று இது என்பது என் மதிப்பீடு. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டது. மாணவரின் மனச்சுமை குறையும் என்ற வாதம் நியாயமானது. பழைய வழக்கம் திரும்பாமல் யார் காவல் இருப்பார்கள் என்ற கேள்வியும் நியாயமானதே.

சிறுசேரி கேட்கும் கேள்வி

1989இல் ஸ்பிக் அறக்கட்டளையின் அறிவியல் பிரிவில் ஒரு கணிதப் பள்ளியாகச் சேஷாத்ரி தொடங்கியதுதான் இன்றைய சிஎம்ஐ. 1998இல் இளநிலைப் படிப்பு வந்தது. சொந்தமாகப் பட்டம் வழங்கும் தகுதி இல்லாததால் தொடக்க ஆண்டுகளில் மத்தியப் பிரதேசப் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பெயரில் பட்டம் கொடுத்தார்கள். தியாகராய நகரிலிருந்து 2005இல் சிறுசேரிக்கு இடம் மாறி, 2006இல் நிகர்நிலைத் தகுதி பெற்றது. பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பி.மேத். படிப்பை நடத்துகிறது. இரு நிறுவனங்களும் எழுத்துப் பகுதியை இன்றுவரை கைவிடவில்லை. சிஎம்ஐ தாளின் முதற்பகுதிக்கு விடை மட்டும் போதும்; அதில் குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தொட்டவர்களின் இரண்டாம் பகுதியைத்தான் திருத்துகிறார்கள். இரண்டாம் பகுதியில் காரணம் எழுதியாக வேண்டும். பிரிட்டனில் 1987 முதல் கேம்பிரிட்ஜ் கேட்கும் 'ஸ்டெப்' தேர்வும் இதே இனம்தான்.

வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் காட்டலாம். x³ − 3x + 1 = 0 என்ற சமன்பாட்டுக்கு மூன்று மெய்யெண் மூலங்கள் உண்டு என்றும், அவற்றில் ஒன்றுகூட விகிதமுறு எண் அல்ல என்றும் நிறுவச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். x-க்கு −2, 0, 1, 2 ஆகியவற்றைப் போட்டால் இடப்பக்கம் −1, 1, −1, 3 என்று வரும். குறி மூன்று முறை மாறுகிறது; எனவே மூன்று மூலங்கள். விகிதமுறு மூலம் இருந்தால் அது 1 ஆகவோ −1 ஆகவோதான் இருக்க முடியும்; இரண்டும் பொருந்தவில்லை. நான்கே வரி. வேண்டிய தேற்றங்கள் மேல்நிலைப் பாடநூல்களிலேயே இருக்கின்றன. ஆனால் புத்தகத்துப் பயிற்சிக் கணக்குகளையும் வினா வங்கியையும் மட்டும் போட்டுப் பழகிய மாணவர் முதல் வரியைத் தொடங்கவே தயங்குவார். 'எந்தப் பாடத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள்?' என்பதுதான் அவருக்கு வரும் முதல் கேள்வி.

காரணம் எழுதும் பழக்கத்தைப் பயிற்சி நிறுவனங்களுக்கு வெளியே வளர்த்தவர்கள் பள்ளி ஆசிரியர்கள். 1965இல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் திருவல்லிக்கேணியிலிருந்து திறனறி போட்டிகளையும் மாணவர்களுக்கான இதழையும் நடத்தியது. முத்தியால்பேட்டைப் பள்ளி ஆசிரியர் பி. கே. சீனிவாசன் கணக்கை விளையாட்டாகவும் கேள்வியாகவும் கொண்டுபோவதற்கே வாழ்நாளைக் கொடுத்தார். இராயபுரத்தில் 1993இல் இராமானுஜன் அருங்காட்சியகம் உருவானது. தேசிய ஒலிம்பியாடும் இந்த உழைப்பின் மேல்தான் தமிழகத்தில் வேர் பிடித்தது. வரைபடத்தில் இவற்றைக் குறித்துப் பார்த்தால் எல்லாம் நகரின் கிழக்குக் கரையோரம். மேற்கு ரயில் பாதையில் ஒன்றும் இல்லை.

ஆவடிக்குள் இரண்டு வழி

ஆவடியைத் தனியாகப் பார்க்க வேண்டியதற்கு இன்னொரு காரணம் உண்டு. பாதுகாப்புத் துறை ஊழியர் குடியிருப்புகளுக்குள் கேந்திரிய வித்யாலயாக்கள் இருக்கின்றன. அங்கே மத்தியப் பாடத்திட்டம், பதினொன்றாம் வகுப்பை விட்டுவிடும் வழக்கமில்லை, ஐஐடி தேர்வுக்கும் அதே புத்தகங்கள். மதிலுக்கு வெளியே பருத்திப்பட்டு, திருமுல்லைவாயல், பட்டாபிராம் பிள்ளைகளுக்கு மாநிலப் பாடத்திட்டம். இந்தப் பிரிவினைகூட முழு விளக்கம் தராது. மத்தியப் பாடத்திட்டத்துப் பிள்ளைகளும் அண்ணா நகர்ப் பயிற்சி மையங்களுக்குப் போய்க் கற்பது கொள்குறி வினாவைத்தான். சிஎம்ஐயின் இரண்டாம் பகுதிக்கு மதிலின் இரண்டு பக்கத்திலும் ஆசிரியர் இல்லை. மொழியும் ஒரு தடை: ஐஐடிக்கான முதன்மைத் தேர்வை 2021 முதல் தமிழில் எழுதலாம், கணித நிறுவனங்களின் தேர்வுகள் இன்னும் ஆங்கிலத்தில்தான். 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் மாதிரிப் பள்ளிகளும் அரசுப் பள்ளி மாணவர்களைத் தேசிய நிறுவனங்களை நோக்கித் திருப்புகின்றன. அந்தப் பட்டியலில் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் உள்ள அழுத்தம் கணிதத்துக்கு இன்னும் வரவில்லை.

செய்யக்கூடியது பெரிய செலவுள்ள காரியமும் அல்ல. சிஎம்ஐ தன் பழைய வினாத்தாள்களை இணையதளத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. மாநிலப் பாடநூல்களும் அப்படியே கிடைக்கின்றன. இந்துக் கல்லூரியின் கணிதத் துறையும் ஆவடி, பட்டாபிராம் மேல்நிலைப் பள்ளிகளின் கணித ஆசிரியர்களும் சேர்ந்து, ஜூனில் பதினொன்றாம் வகுப்பு தொடங்கும்போதே வாரம் ஒரு கேள்வியைத் தமிழில் கொடுத்து, பிள்ளைகள் எழுதிய காரணத்தைத் திருத்திக் கொடுக்கட்டும். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை அந்த ஆண்டிலேயே, முழுவதுமாக, நடத்தட்டும்.