கௌபாய் சுடுதல் போட்டிகளில் பம்ப் ரைபிள்

கௌபாய் சுடுதல் போட்டிகளில் பம்ப் ரைபிள் என்பது, 19 ஆம் நூற்றாண்டின் அமெரிக்க மேற்குப் பகுதியை நினைவூட்டும் துப்பாக்கி விளையாட்டில், நெம்புகோல் ரைபிளுக்கு மாற்றாக, முன்பிடியை முன்னும் பின்னும் இழுத்து இயக்கும் ரைபிளைப் பயன்படுத்துவதைக் குறிக்கும். நடைமுறையில் இது பெரும்பாலும் ஒரே ஒரு வடிவமைப்பையே குறிக்கின்றது. 1884 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் வெளியிட்ட கோல்ட் லைட்னிங் ரைபிளும் அதன் பிற்கால நகல்களுமே அவை. இயக்கும் முறையை மட்டும் பார்த்தால் இது நெம்புகோல் ரைபிளைவிட விரைவானதாகத் தோன்றும். எனினும் போட்டிகளில் பெரும்பாலோர் நெம்புகோல் ரைபிளையே பயன்படுத்துகின்றனர். இதற்கான காரணங்கள் துப்பாக்கியின் உள்ளமைப்பிலும் போட்டியின் கணக்கிடும் முறையிலும் அடங்கியுள்ளன.

கௌபாய் சுடுதல்

இவ்விளையாட்டு 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியா மாநிலத்தில் உருவானது. இதன் முதன்மைப் போட்டியான "எண்ட் ஆப் டிரெயில்" முதன்முதலாக 1982 இல் நடைபெற்றது. 1987 இல் சிங்கிள் ஆக்சன் சூட்டிங் சொசைட்டி என்னும் அமைப்பு நிறுவப்பட்டு, விதிகள் ஒழுங்குபடுத்தப்பட்டன. ஒவ்வொரு முறை சுடும் முன்னும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டிய சுழல் துப்பாக்கி "சிங்கிள் ஆக்சன்" எனப்படும். அமைப்பின் பெயர் இதிலிருந்தே வந்தது.

போட்டியாளர் இரண்டு சுழல் துப்பாக்கிகள், ஒரு ரைபிள், ஒரு சாட்கன் ஆகியவற்றைப் பயன்படுத்துகின்றார். அக்கால உடையை அணிவதும், பதிவு செய்யப்பட்ட புனைபெயரைக் கொள்வதும் இவ்விளையாட்டின் வழக்கம் ஆகும். போட்டி பல கட்டங்களாக நடைபெறும். ஒரு கட்டத்தில் பொதுவாகச் சுழல் துப்பாக்கிகளால் 10 முறையும், ரைபிளால் 9 அல்லது 10 முறையும், சாட்கனால் சில முறையும் எஃகுத் தகடுகளை நோக்கிச் சுட வேண்டும். எடுத்துக்கொண்ட நேரம் வினாடிகளில் அளக்கப்படும். தவறும் ஒவ்வொரு குறிக்கும் 5 வினாடிகள் கூட்டப்படும். இலக்குகளைச் சொல்லப்பட்ட வரிசையில் சுடாவிட்டால் 10 வினாடிகள் கூட்டப்படும்.

விதிகள்

முதன்மைப் போட்டிக்கான ரைபிள், ஏறத்தாழ 1860 முதல் 1899 வரையான காலத்தில் தயாரிக்கப்பட்ட வகையாகவோ அதன் நகலாகவோ இருத்தல் வேண்டும். நெம்புகோலால் அல்லது பம்ப் முறையால் இயங்குவதாகவும், சுத்தியல் வெளியே தெரிவதாகவும் இருத்தல் வேண்டும். தோட்டா நடுவில் தட்டி வெடிக்கும் வகையைச் சேர்ந்ததாகவும், .25 முதல் .45 வரையான காலிபர் உடையதாகவும் இருக்க வேண்டும். குண்டு ஈயத்தால் ஆனது. ரைபிள் குண்டின் வேகம் வினாடிக்கு 1,400 அடியைத் தாண்டக் கூடாது. அருகிலுள்ள எஃகுத் தகட்டில் பட்டுச் சிதறும் துண்டுகளால் காயம் ஏற்படாமல் தடுப்பதே இக்கட்டுப்பாட்டின் நோக்கம் ஆகும்.

வெளியே தெரியும் சுத்தியல் என்னும் விதியும் காலவரம்பும் சேர்ந்து, பம்ப் ரைபிள்களில் பெரும்பாலானவற்றை விலக்கிவிடுகின்றன. எடுத்துக்காட்டாக, 1910களில் வெளிவந்த ரெமிங்டன் 14½ ரைபிள் .44-40, .38-40 என்னும் பழைய தோட்டாக்களையே பயன்படுத்தியது. ஆயினும் அதன் சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதாலும், காலம் பிந்தியதாலும் அது தகுதி பெறாது. பிரௌனிங் சகோதரர்கள் வடிவமைத்த வின்செஸ்டர் 1890 ரைபிளுக்கு வெளிச்சுத்தியல் உண்டு, காலமும் பொருந்தும். ஆனால் அது விளிம்பில் தட்டி வெடிக்கும் .22 வகைத் தோட்டாவைச் சுடுவது. ஆதலால் வளர்ந்தோர் முதன்மைப் போட்டியில் அதற்கு இடமில்லை. .22 துப்பாக்கிகள் சிறுவர் பிரிவில் அனுமதிக்கப்படுகின்றன. இவ்வாறு வடிகட்டிய பின் எஞ்சுவது கோல்ட் லைட்னிங் மட்டுமே எனலாம்.

கோல்ட் லைட்னிங்

சுழல் துப்பாக்கிகளால் புகழ்பெற்ற கோல்ட் நிறுவனம், ரைபிள் சந்தையில் வின்செஸ்டர் நிறுவனத்துடன் போட்டியிட விரும்பியது. 1883 இல் அது கோல்ட்-பர்ஜஸ் என்னும் நெம்புகோல் ரைபிளை வெளியிட்டது. சுமார் 6,400 மட்டுமே தயாரிக்கப்பட்ட நிலையில் 1885 இல் அதன் உற்பத்தி நின்றது. கோல்ட் நிறுவனம் நெம்புகோல் ரைபிளைக் கைவிட்டால் வின்செஸ்டர் சுழல் துப்பாக்கி செய்யாது என்று இரு நிறுவனங்களும் வாய்மொழியாக உடன்பட்டன எனப் பரவலாகக் கூறப்படுகின்றது. இதற்கு எழுத்துச் சான்று கிடைக்கவில்லை.

அடுத்து கோல்ட் நிறுவனம் வில்லியம் எலியட் என்பவரின் பம்ப் வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தது. ரெமிங்டன் இரட்டைக்குழல் டெரிஞ்சர் என்னும் சிறு கைத்துப்பாக்கியை வடிவமைத்தவரும் இவரே. லைட்னிங் மூன்று அளவுகளில் தயாரிக்கப்பட்டது.

நடுத்தர அளவு: 1884 முதல் 1902 வரை; .32-20, .38-40, .44-40 தோட்டாக்கள், சுமார் 90,000 துப்பாக்கிகள்.
சிறிய அளவு: 1887 முதல் 1904 வரை; .22 தோட்டா, சுமார் 90,000 துப்பாக்கிகள்.
பெரிய அளவு: 1887 முதல் 1894 வரை, பெரிய வேட்டைத் தோட்டாக்கள், சுமார் 6,500 துப்பாக்கிகள்.

கௌபாய் சுடுதலுக்கு உரியது நடுத்தர அளவே. சுழல் துப்பாக்கிக்கும் ரைபிளுக்கும் ஒரே தோட்டா என்பது அக்காலத்தில் பெரும் வசதியாகக் கருதப்பட்டது. இத்தோட்டாக்கள் வின்செஸ்டர் நிறுவனம் அறிமுகப்படுத்தியவை. போட்டியாளரின் பெயரைத் தவிர்க்கும் வகையில், கோல்ட் லைட்னிங் மேகசின் ரைபிள் என்பதன் முதலெழுத்துகளான "சி.எல்.எம்.ஆர்." பொறித்த தோட்டாக்களும் விற்கப்பட்டன. 1898 இல் சான் பிரான்சிஸ்கோ காவல்துறை .44-40 வகையில் 401 லைட்னிங் ரைபிள்களை வாங்கியது. எனினும் வின்செஸ்டர் 1873 ரைபிள் மொத்தம் 7 இலட்சத்திற்கும் மேல் தயாரிக்கப்பட்டதுடன் ஒப்பிட்டால் லைட்னிங்கின் எண்ணிக்கை சிறிதே ஆகும்.

கோல்ட் நிறுவனத்தின் 1877 மாதிரி சுழல் துப்பாக்கியும் "லைட்னிங்" என்றே அழைக்கப்படுவதுண்டு. இரண்டும் வெவ்வேறானவை.

இயங்குமுறை

தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. இடது கையால் முன்பிடியைப் பின்னுக்கு இழுக்கும்போது, வெடியறையின் பின்வாயை மூடியிருக்கும் அடைப்பான் பூட்டு நீங்கிப் பின்னோக்கி நகரும். அது வெற்றுக்கூட்டை இழுத்து வெளியே எறிந்து, சுத்தியலையும் பின்னுக்குத் தள்ளி நிறுத்தும். தோட்டாத் தூக்கி அடுத்த தோட்டாவை மேலே உயர்த்தும். முன்பிடியை முன்னுக்குத் தள்ளும்போது தோட்டா வெடியறைக்குள் சென்று, அடைப்பான் மீண்டும் பூட்டிக்கொள்ளும்.

நெம்புகோல் ரைபிளிலும் இதே வேலைகள் நடக்கின்றன. வேறுபாடு எந்தக் கை வேலை செய்கின்றது என்பதில் உள்ளது. நெம்புகோலை இயக்குவது விசையை இழுக்கும் அதே கை ஆகும். ஒவ்வொரு முறையும் விரல் விசையை விட்டு விலகித் திரும்ப வேண்டியுள்ளது. பம்ப் ரைபிளில் வலக்கை பிடியிலேயே நிற்க, இடக்கை மட்டும் இயங்குகின்றது. பின்னுதைப்பும் முன்பிடியைப் பின்னுக்கு இழுக்கும் திசையிலேயே அமைகின்றது. பம்ப் ரைபிள் விரைவானது என்னும் கருத்துக்கு இதுவே அடிப்படை ஆகும்.

நெம்புகோலின் இயந்திர நயம்

மேற்கண்ட ஒப்பீட்டில் விடுபடுவது நெம்புகோலின் இயந்திர நயம் ஆகும். நெம்புகோல், கையின் விசையைப் பெருக்கி அடைப்பானுக்குக் கொடுக்கின்றது. வெடியறையில் வெற்றுக்கூடு சற்று ஒட்டிக்கொண்டாலும் அதை எளிதில் பெயர்த்துவிடும். பம்ப் ரைபிளில் முன்பிடி அடைப்பானுடன் ஏறக்குறைய நேராக இணைந்துள்ளது. கை கொடுக்கும் விசை அதிகம் பெருகுவதில்லை. எனவே கூடு ஒட்டிக்கொண்டால் இழுப்பு தடைப்படும்.

கரும்புகை வெடிமருந்தைப் பயன்படுத்தும் பிரிவுகளில் இது மேலும் தெளிவாகத் தெரியும். அம்மருந்து எரிந்தபின் கெட்டியான கரிப்படிவை விட்டுச் செல்லும். .44-40 தோட்டாவின் கூடு மெல்லியது. வெடிக்கும்போது அது விரிந்து வெடியறையின் சுவரோடு ஒட்டி, புகை பின்னோக்கிக் கசிவதைத் தடுக்கும். .45 கோல்ட் தோட்டாவின் கூடு தடித்தது. குறைந்த அழுத்தத்தில் அது போதிய அளவு விரிவதில்லை. கரி உட்பகுதிகளில் படியும். 19 ஆம் நூற்றாண்டில் லைட்னிங் .45 கோல்ட் தோட்டாவுக்குச் செய்யப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. நவீன நகல்களே அத்தோட்டாவுக்கும் செய்யப்படுகின்றன.

முழுமையற்ற இழுப்பு மற்றொரு சிக்கல் ஆகும். விரைவில் முன்பிடியை முழுவதும் பின்னுக்கு இழுக்காமல் திருப்பினால், வெற்றுக்கூடு வெளியேறாது அல்லது அடுத்த தோட்டா மேலே வராது. நெம்புகோல் ரைபிளிலும் இத்தவறு நேரும். ஆயினும் வின்செஸ்டர் 1873 வகையில் தோட்டாத் தூக்கி நேராக மேலெழுந்து தோட்டாவை வெடியறைக்கு நேரே கொண்டுவருவதால் அதன் ஊட்டம் நம்பகமானது. மேலும் அதன் நெம்புகோல் நகரும் தூரத்தைக் குறைக்கும் உட்பாகங்கள் பரவலாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பொருத்திய பின், பம்ப் ரைபிளின் வேக மேம்பாடு பெருமளவு மறைந்துவிடுகின்றது.

நேரக் கணக்கு

ஒரு முறை சுடுவதற்குப் பம்ப் ரைபிள் 0.1 வினாடி மிச்சப்படுத்துகின்றது என்று கொள்வோம். 10 முறை சுடும் ஒரு கட்டத்தில் மொத்த மிச்சம் 1 வினாடி. ஒரு குறி தவறினால் இழப்பு 5 வினாடிகள். அதாவது, ஒரே ஒரு குறி தவறினால் ஐந்து கட்டங்களில் ஈட்டிய மிச்சம் முழுவதும் போய்விடும். துப்பாக்கி சிக்கிக்கொண்டு, எஞ்சிய நான்கு தோட்டாக்களைச் சுட முடியாமல் போனால் இழப்பு 20 வினாடிகள். ஆகவே இவ்விளையாட்டில் வெற்றியைத் தீர்மானிப்பது மிகக் குறைந்த இயக்க நேரம் அன்று. தடையின்றி இயங்குவதே ஆகும்.

பாதுகாப்பு

அசல் லைட்னிங்கில் விசையையும் சுத்தியலையும் துண்டிக்கும் உறுப்பு இல்லை. விசையை அழுத்திப் பிடித்தபடியே முன்பிடியை இயக்கினால், ஒவ்வொரு முறை அடைப்பான் மூடும்போதும் துப்பாக்கி வெடிக்கும். இது விரைவான முறையாகத் தோன்றினாலும், வெடிக்கும் கணம் சுடுபவரின் கட்டுப்பாட்டில் இராது, குறியும் தவறும்.

எந்தப் பம்ப் ரைபிளிலும் அடைப்பான் முழுமையாகப் பூட்டிக்கொள்ளும் முன் தோட்டா வெடிப்பதே மிகப் பெரிய ஆபத்து ஆகும். அவ்வாறு நிகழ்ந்தால் உயர் அழுத்த வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வெளிவரக்கூடும். ஆதலால் தேய்ந்த பழைய துப்பாக்கிகளைப் பயன்படுத்தும் முன் துப்பாக்கிப் பழுதுநீக்குநர் ஒருவரால் சோதிக்கச் செய்வது அவசியம்.

குழாயில் உள்ள ஒவ்வொரு குண்டின் முனையும் முன்னே உள்ள தோட்டாவின் பின்புறத்தைத் தொட்டு நிற்கின்றது. கூர்முனைக் குண்டாயின் அது தட்டித் தோட்டா குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். எனவே தட்டை முனைக் குண்டுகளே பயன்படுத்தப்படுகின்றன.

போட்டியில் குழாயில் மட்டுமே தோட்டாக்களை நிரப்பி, வெடியறையைக் காலியாக வைத்து, சுத்தியலை இறக்கிய நிலையிலேயே ரைபிளைக் கட்டத்திற்குக் கொண்டுவர வேண்டும். சுட்டு முடித்தபின் அடைப்பானைத் திறந்த நிலையில் ரைபிளைக் கீழே வைக்க வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் காப்பு அணிதல் வேண்டும்.

நவீன நகல்கள்

லைட்னிங்கின் உற்பத்தி நின்று ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 2000களில் அதன் நகல்கள் வெளிவந்தன. அமெரிக்காவின் யூ.எஸ். பயர் ஆர்ம்ஸ், அமெரிக்கன் வெஸ்டர்ன் ஆர்ம்ஸ், பிரேசிலின் டாரஸ், இத்தாலியின் உபெர்ட்டி, பெடர்சோலி ஆகிய நிறுவனங்கள் இவற்றைத் தயாரித்தன. டாரஸ் நகலின் பெயர் தண்டர்போல்ட் ஆகும். இவற்றுள் சில பின்னர் நின்றுபோயின. வேட்டைக்கும் காவல்துறைக்கும் தேவைப்படாத ஒரு பழைய வடிவமைப்பு மீண்டும் உற்பத்திக்கு வந்ததற்கு இவ்விளையாட்டே முதன்மைக் காரணம் ஆகும்.

1898 ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ தயாரிக்கப்பட்ட துப்பாக்கிகள் அமெரிக்க நடுவண் சட்டத்தின்படி தொன்மைப் பொருட்களாகக் கருதப்படுகின்றன. அசல் லைட்னிங்குகளில் பெரும்பகுதி இதில் அடங்கும். அவற்றைச் சேகரிப்பாளர்களும் விரும்புவதால், போட்டியாளர்கள் பலர் நகல்களையே பயன்படுத்துகின்றனர்.

போட்டிகளில் பிற பம்ப் துப்பாக்கிகள்

ரைபிளில் சிறுபான்மையாக உள்ள பம்ப் முறை, சாட்கனில் பரவலாக உள்ளது. ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1897 முதல் 1957 வரை பத்து இலட்சத்திற்கும் மேல் தயாரிக்கப்பட்ட வின்செஸ்டர் 1897 சாட்கன், வெளிச்சுத்தியல் உடையது, இப்போட்டிகளில் அனுமதிக்கப்படுவது. சாட்கனில் குழாயை நிரப்பாமல், ஒருமுறைக்கு இரண்டு தோட்டாக்கள் வரை மட்டுமே இட்டுச் சுடுகின்றனர். எனவே நீண்ட தொடர் இயக்கத்தில் ஏற்படும் ஊட்டச் சிக்கல்கள் இதில் குறைவு.

இவற்றையும் பார்க்கவும்

சுழல் துப்பாக்கி
வின்செஸ்டர் 1873
ஜான் பிரௌனிங்
கரும்புகை வெடிமருந்து